நான்காவது பாட்டு

ஃப்ரிட்ஜுக்கு கேஸ் அடித்த கூலி
பாதி பணமாக, பாதி இந்த சிடியாக.
கப்பலில் மோட்டார் பார்க்கும் பாடலீசன்
பனாமாவிலோ எங்கோ வாங்கியதாம்.
"படப் பாட்டுண்ணே. சல்சா. மிச்சம் அடுத்த மாசம்."
அடுத்த மாசம் அவன் கடலில் இருந்தான்.

அட்டையில் சிவப்புப் பாவாடை, பாதி முகம்,
ஒரு ட்ரம்பெட்டின் வாய்.
பன்னிரண்டு பாட்டு. ஓர் எழுத்தும் தெரியாத மொழி.
ஆம்னி வேனில் செருகினேன், திரும்பி வரவில்லை.
அன்றிலிருந்து வண்டி அதை மட்டும்தான் பாடும்.
முதுநகர் ரயில்வே கேட்டில் நிற்கும்போது
பக்கத்து மீன்லாரிக்காரர்
"என்னய்யா கருமம் இது" என்பார்,
ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே.

பிறகு தானே புயல்.
பதினேழு நாள் கரண்ட் இல்லாத ஊரில்
ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைவிட
வெட்டியானவன் யார்?

தையல்நாயகியும் நானும் அப்போது பேசிக்கொள்வதில்லை.
அவள் செயினை வைத்துத்தான் வண்டி வாங்கியிருந்தேன்;
அதை அவளிடம் சொல்ல விட்டுப்போயிருந்தது.
வீட்டுக்குக் கூரை இல்லை, வண்டிக்கு இருந்தது.
பின்சீட்டில் அவள், முன்னால் நான்,
நடுவில் பன்னிரண்டு பாட்டு.

மூன்றாம் ராத்திரி இருட்டுக்குள்ளிருந்து கேட்டாள்:
"எல்லாப் பாட்டுலயும் குறைசோறு கேக்குறானே,
யாருமே போட மாட்டாங்களா?"
கொரசோன் கொரசோன் என்று
அப்போதும் கெஞ்சிக்கொண்டிருந்தான்.
நான் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.
பிறகு அவளும் சிரித்தாள்.

அப்புறம் படம் ஓட்டினோம்.
முதல் பாட்டில் அவன் துறைமுகத்தில் வேலை கேட்கிறான்.
இரண்டில் அவள் அண்ணன்கள் வருகிறார்கள்,
அந்த அடியைக் கேட்டாலே தெரியும், நாலு பேர்.
ஏழாவது கல்யாணம் என்றேன். சாவு என்றாள்.
"நம்ம ஊரு சாவுக்கு அடிக்கிறத நீ கேட்டதில்ல?"

நான்காவதுக்கு மட்டும் கதை கட்டவில்லை.
கொஞ்ச நேரம் வெறும் பியானோ,
ஈரத் தரையில் யாரோ பார்த்துப் பார்த்து
நடப்பது போல.
பிறகு ஒரு பெண்குரல், கெஞ்சாமல்.
அது வந்தபோது அவள் முன்சீட்டுக்கு வந்தாள்.
பேட்டரி போய்விடும் என்று சொல்ல நினைத்தேன்.
சொல்லவில்லை.
போனது.

சேதக் கணக்கெடுக்க ஆள் வந்தார்கள்.
தென்னை இரண்டு, முருங்கை ஒன்று,
ஆஸ்பெஸ்டாஸ் பதினாலு.
"வேற ஏதாவது?" என்றார் விஏஓ.
அவள் என்னைப் பார்த்தாள்.
வேறு ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

போன வருஷம் அக்கா மகன்
அந்தப் படத்தையே பிடித்துவிட்டான்.
கீழே எழுத்து வரவில்லை.
எங்களுக்கு எதற்கு, எங்களுக்குத் தெரிந்த படம்.
அவனுக்குத் துறைமுகத்தில் வேலை இல்லை, சலூனில் வேலை.
அவளுக்கு அண்ணன்களே இல்லை.
ஏழாவதில் ஒரு பஸ் பள்ளத்தில் நின்றுவிடுகிறது,
இறங்கியவர்கள் ஆடுகிறார்கள், அவ்வளவுதான்.
நான்காவதுக்குக் காத்திருந்தோம்.
மூன்று வந்தது. ஐந்து வந்தது.
பேர் ஓடி முடிந்து டிவி கறுத்தது.

"சில பாட்டு ஆல்பத்துல இருக்கும், படத்துல இருக்காது மாமா.
நீளம்னு வெட்டிருப்பாங்க."
கொரசோன் என்றால் இதயம் என்றும்
போனில் பார்த்துச் சொன்னான்.
"அப்ப சோறு இல்லியா" என்றாள்,
ஏமாந்தவள் போல.

வண்டி இப்போது நெல்லிக்குப்பத்தில் காய்கறி ஏற்றுகிறது.
வாங்கியவர் நேற்று போன் செய்தார்:
"நாலாவது பாட்டுல சிக்கிக்கிச்சுங்க.
காலையிலேருந்து அதையேதான் பாடுது.
எப்படி நிறுத்தறது?"

எந்த ஃபியூஸைப் பிடுங்க வேண்டும் என்று
எனக்குத் தெரியும்.
தையல்நாயகி கையை நீட்டி போனை வாங்கி
ஸ்பீக்கரில் போட்டாள்.